மகன் ஆர்மி எஞ்சினியராகப் போகிறேன் என்கிறான், அதில் மேலே வர முடியுமா?

பிறை_அப்பா
எல்லோருக்கும் வணக்கம். மகன் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் வளாகத்தில் சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பலாப்பெஸ் என்கிற பல்கலைக்கழகச் சேமப்படைப் பயிற்சியில் சேர்ந்து வார இறுதியில் கவாத்துக்கும் போகிறான். உடம்புக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பத்து மாவுங் போர் அருங்காட்சியகம் போனோம். மற்ற பிள்ளைகள் பேய்க்கதை கேட்டுக்கொண்டிருக்க, இவன் மட்டும் சுரங்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது பாலத்தில் நெரிசல், வண்டி நகரவில்லை. அங்கே வைத்துத்தான் மெதுவாகச் சொன்னான், படிப்பு முடிந்ததும் ஆர்மியில் எஞ்சினியர் பிரிவுக்குப் போகப் போகிறானாம். அன்றிலிருந்து அவன் அம்மா சரியாகப் பேசுவதில்லை. அவனிடம் இல்லை, என்னிடம்.

என் கேள்வி இரண்டு. ராணுவத்தில் எஞ்சினியருக்கு என்னதான் வேலை? ரோடு போடப் பொதுப்பணித் துறை, ஜேகேஆர், இருக்கிறதே. அப்புறம், அதில் மேலே வர முடியுமா, இல்லை கடைசிவரை துப்பாக்கிக்காரன் பின்னால் மண்வெட்டி தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானா?

கண்டார்_கடை
பாலத்தில் மாட்டிக்கொண்டே பாலம் கட்டுகிற வேலை கேட்டிருக்கிறான். பையன் பிழைத்துக்கொள்வான் அண்ணே.

தோட்டத்துப்பிள்ளை
சம்பளம் நேரத்துக்கு வரும், பென்ஷன் உண்டு, சரி. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கர்னலைத் தாண்டினார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சப்பர்_செத்தாப்பாக்
தம்பி, நான் எஞ்சினியர் படையில் 22 வருஷம் இருந்து மேஜராக வெளியே வந்தவன். இப்போது கோலாலம்பூரில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதுதான் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி சுலபம். எங்களைச் சப்பர் என்பார்கள், அகழி தோண்டுகிறவன் என்று அர்த்தம். நம் ஆள் நகர வழி செய்ய வேண்டும், எதிரி நகர முடியாமல் செய்ய வேண்டும், நம் ஆள் உட்கார்ந்த இடத்தில் உயிரோடு இருக்க வைக்க வேண்டும். பாலம் போடுவதும் நாங்கள்தான், அதே பாலத்துக்கு வெடி வைப்பதும் நாங்கள்தான். கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது, தண்ணீர் சுத்தம் செய்வது, பங்கர் கட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி. போர் இல்லாத நாளில் ஜீவா மூர்னி என்கிற ராணுவத்தின் மக்கள் நலத் திட்டத்தில் சரவாக் உட்புறத்தில் ரோடு போடுவோம், வெள்ளம் வந்தால் பெய்லி பாலம் போடுவோம். அந்தப் பாலத்தின் ஒரு பலகம் பத்தடி நீளம், கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேர் தூக்க வேண்டும். கிரேன் தேவையில்லை, அதுதான் அதன் அழகு. ஆறு பேரில் ஒருத்தன் குட்டையாக இருந்தால் மற்ற ஐந்து பேரும் அவனைத் திட்டிக்கொண்டே நடப்பார்கள். பெரும்பாலும் அந்தக் குட்டை ஆள் நான்தான்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. இந்த மண்ணில் வேலை பார்த்த இரண்டு எஞ்சினியர் அதிகாரிகளைப் பற்றிச் சொன்னால் புரியும். இரவு எழுதுகிறேன், இப்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

கம்பார்_டீச்சர்
டாபியும் சிம்சனும்தானே சார்? காத்திருக்கிறேன். சில இடங்களில் சண்டைக்கும் வருவேன்.

சப்பர்_செத்தாப்பாக்
டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். ஆமாம், அந்த இருவர்தான்.

முதலில் வில்லியம் டாபி. பிறந்தது 1879இல், நம் மதராஸில். 1899இல் பிரிட்டிஷ் எஞ்சினியர் படையில் அதிகாரி ஆனார். போயர் போர், பிறகு முதல் உலகப் போர். 1918 நவம்பரில் சண்டையை நிறுத்தச் சொல்லித் தலைமையகத்திலிருந்து போன தந்தியில் கையெழுத்திட்டவர் அவர், அன்றைக்கு முறைப்பணியில் இருந்த அதிகாரி என்பதால். பிறகு ராணுவ எஞ்சினியரிங் பள்ளிக்குத் தலைவர். 1935இல் மலாயாவுக்கே படைத்தளபதியாக வந்தார். கவனி தம்பி, தளபதி. தளபதிக்குப் பக்கத்தில் நின்று யோசனை சொல்கிற எஞ்சினியராக அவர் வரவில்லை. எஞ்சினியர் அந்த நாற்காலிக்கு வர முடியுமா என்றால், முடியும். அபூர்வம்.

அப்போது எல்லோர் கண்ணும் சிங்கப்பூர்க் கடலைப் பார்த்தே இருந்தது. டாபியும் அவருடைய முதன்மை அலுவலரான ஒரு கர்னலும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் யாரும் கிழக்குக் கரையில் இறங்க முடியாது, காட்டுக்குள் படை நடக்க முடியாது என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை, காலாட்படை அங்கே நடக்கும், ஆபத்து வடக்கிலிருந்துதான் வரும் என்று எழுதினார்கள். 1937, 38இல் எழுதியது அது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி, அதே பருவக்காற்றில், ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான்.

சரி, இவ்வளவு தெரிந்த தளபதி என்ன கட்டினார்? லண்டன் கொடுத்தது 60,000 பவுண்டு. ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் இயந்திரத் துப்பாக்கி மேடைகளை ஆரம்பித்தார். 1939இல் அறுபது வயதாகி அவர் கிளம்பும்போது அதில் 23,000 தான் செலவாகியிருந்தது. அதோடு நின்றது. அவருக்கு மால்ட்டாத் தீவில் வேறு வாழ்க்கை காத்திருந்தது, 1940இலிருந்து இரண்டு வருஷம் குண்டு மழைக்கு நடுவில் அங்கே கவர்னராக இருந்தார். அவர் இருக்கும்போதுதான் அந்தத் தீவுக்கே ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

டாபியோடு கணக்குப் போட்ட கர்னல் யார் தெரியுமா? ஆர்தர் பெர்சிவல்.

பிறை_அப்பா
சிங்கப்பூரில் ஜப்பானிடம் சரணடைய வெள்ளைக்கொடியோடு நடந்து போனவரா?

சப்பர்_செத்தாப்பாக்
அவரேதான். 1941 மே மாதம் தளபதியாகத் திரும்பி வந்தார். ஆகஸ்டில் அவருக்குத் தலைமை எஞ்சினியராக வந்து சேர்ந்தவர் பிரிகேடியர் ஐவன் சிம்சன். மலாயாவின் தற்காப்பை நவீனமாக்கு என்று லண்டனில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் பின்னால் வரும் என்றார்கள். வரவேயில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் திரும்ப வருவேன்.

சிம்சன் நாடு முழுக்கச் சுற்றினார். தலைமையகத்தில் ஒரு அலமாரியைத் திறந்தால் டாங்கியைத் தடுப்பது எப்படி என்று லண்டன் அச்சடித்து அனுப்பிய கையேடுகள் கட்டுக் கட்டாகப் பிரிக்காமல் கிடந்தன. அவற்றைச் சுருக்கி ஒரே புத்தகமாக்கிப் படைகளுக்கு அவர் அனுப்பி முடிக்கும்போது போர் வாசலுக்கு வந்துவிட்டது.

டிசம்பர் 26. முனையில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெனரல் ஹீத்தைப் பார்த்துவிட்டு நேராகச் சிங்கப்பூர் வந்து, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெர்சிவல் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஜொகூரில் கட்டலாம், அது முடியாதென்றால் தீவின் வடகரையிலாவது கட்டலாம், சாமான் இருக்கிறது, ஆள் இருக்கிறது, உத்தரவு மட்டும் போதும் என்றார். பெர்சிவல் முடியாது என்றார். ஏன் என்று விடாமல் கேட்டபோது, அப்படி அரண் கட்டினால் படைக்கும் ஊராருக்கும் மனம் தளர்ந்துவிடும் என்றாராம். 1942 பிப்ரவரி 8 இரவு எந்தக் கரையில் ஜப்பான்காரன் இறங்கினான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாலு வருஷம் முன்னால் வடக்கிலிருந்து வருவான் என்று ஒரு எஞ்சினியரோடு சேர்ந்து எழுதியவர், இன்னொரு எஞ்சினியர் வந்து வடக்கில் கட்டு என்றபோது மறுக்கிறார். இந்த வேலையில் எனக்கு 22 வருஷமாகப் புரியாத விஷயம் இது.

கண்டார்_கடை
மனம் தளரும் என்று குடை எடுக்காமல் போகிற ஆள் எங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார்.

கம்பார்_டீச்சர்
இப்போது சண்டைக்கு வருகிறேன். சார், அந்த நள்ளிரவுப் பேச்சில் இருந்தது இரண்டே பேர். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிம்சன் பின்னால், 1970இல், வெளியிட்ட புத்தகத்தின் வழியாகத்தான். தோற்ற போரில் மிஞ்சிய எல்லோரும் "நான் அப்பவே சொன்னேன்" என்றுதான் எழுதுவார்கள். பெர்சிவல் கெட்டவர், எஞ்சினியர் தீர்க்கதரிசி என்று பிரித்துவிடுவது எனக்கு ரொம்பச் சுலபமாகத் தெரிகிறது. போதுமான விமானம் இல்லை, டாங்கி ஒன்றுகூட இல்லை, பாதிப் படைக்குப் பயிற்சி இல்லை. நாலு கான்கிரீட் தடுப்பு இதையெல்லாம் சரி செய்திருக்குமா?

ஆனால் உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி தருகிறேன், அது எங்கள் ஊர். கம்பாரில் கிரீன் ரிட்ஜ் மேட்டில் அந்தக் காலத்துக் குழிகள் இன்னும் இருக்கின்றன, என் மாணவர்களை ஏற்றிக் கூட்டிப் போயிருக்கிறேன். 1941 டிசம்பர் 30இலிருந்து ஜனவரி 2 வரை பிரிட்டிஷ் படையும் சீக்கிய, கூர்க்காப் படைகளும் அங்கே நின்றார்கள். அதற்கு முன்னால் ஜித்ராவில் மழையில் அரைகுறையாய்த் தோண்டிய குழிகளில் இரண்டு நாள்கூட நிற்க முடியாத படை, கம்பாரில் மேடும் குழியும் இருந்ததால் நாலு நாள் நின்றது. அங்கே முன்பக்கம் உடையவில்லை. கடல் வழியாக ஜப்பான்காரன் தெலுக் ஆன்சன் பக்கம் பின்னால் வந்துவிட்டதால்தான் விட்டுக்கொடுத்தார்கள். கடலில் வர அவனுக்குப் படகு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு பினாங்கிலிருந்து. பினாங்குக்காரர்கள் மீதிக் கதை சொல்லுங்கள்.

கண்டார்_கடை
சிரிக்காமல் சொல்கிறேன் டீச்சர், இது எங்கள் வீட்டில் தலைமுறையாய்ச் சொல்கிற கதை. டிசம்பர் 11 ஜோர்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. வானத்தில் விமானம் பார்க்கத் தெருவுக்கு வந்த சனம் அப்படியே செத்தது. 16, 17 இரவோடு இரவாக வெள்ளைக்காரர்களை மட்டும் கப்பலேற்றிக் கூட்டிப் போனார்கள். நம்மவர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் காலையில் எழுந்து பார்த்தால் துரைமார் இல்லை. துறைமுகத்தில் மோட்டார் படகுகள் அப்படியே நிற்கின்றன. வானொலி நிலையம் ஆணி பிடுங்காமல் இருக்கிறது. ஜப்பான்காரன் வந்து அதே ஒலிபெருக்கியிலிருந்து சிங்கப்பூருக்கு வணக்கம் சொன்னான்.

நடுவில் ஊரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, யாழ்ப்பாணத்துக் குடும்பம். எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். ஃபோர்ட் கார்ன்வாலிஸில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினவரும் அவர்தான், இன்னும் குண்டு போடாதே, ஊர் காலி என்று தெரிவிக்க. 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ளே வந்தான். கோட்டைக்குப் போகிற யாரும் அவரைப் பற்றிக் கேட்பதில்லை, எல்லோரும் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சப்பர்_செத்தாப்பாக்
படகும் வானொலியும் விட்டுப் போனது, எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத தப்பு. பின்வாங்கும்போது எதிரிக்கு உதவும் எதையும் விடக் கூடாது. அதற்கு யார் பொறுப்பு, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று தாளில் பெயரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவன் செய்வான் என்று கப்பலேறிவிடுவார்கள்.

இன்னொன்று சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7 விடியுமுன் ஜப்பான் டாங்கிகள் டிராலாக்கிலிருந்து நெடுஞ்சாலையிலேயே இறங்கி வந்தன. சிலிம் பாலத்துக்கு வெடி வைத்துத் தயாராக இருந்தது. ஜப்பான்காரர்கள் வெடிக்கம்பியை அறுத்துவிட்டார்கள், பாலம் தகராமல் நின்றது. ஒரே காலையில் இரண்டு பிரிகேட் இல்லாமல் போய், நாலாம் நாள் கோலாலம்பூர் விழுந்தது. தோற்றதற்குக் காரணம் ஒரு பாலம் மட்டும் இல்லை, டீச்சர் சொல்வது சரி. ஆனால் வெடிக்காத ஒரு பாலத்தின் விலை என்ன என்று பயிற்சிப் பள்ளியில் கேட்டால் இன்றும் நாங்கள் சிலிம் ரிவரைத்தான் சொல்வோம்.

எதிரிப் பக்கத்து எஞ்சினியரையும் மறக்காதீர்கள். நாங்கள் தகர்த்த பாலங்களை, பக்கத்து மர ஆலையிலிருந்து கட்டை எடுத்து, இரவோடு இரவாய்ப் போட்டுத் தள்ளினார்கள். 55 நாளில் 250 பாலம் சரி செய்ததாக அவர்கள் கணக்கு. பெருமைக்கு ஏற்றிச் சொல்லியிருந்தாலும், பாதிகூடப் பயங்கரமான வேகம். சைக்கிளில் வந்து மலாயாவைப் பிடித்தான் என்கிறோமே, அந்தச் சைக்கிள் ஓட மரப்பலகை போட்டவன் சப்பர்.

தோட்டத்துப்பிள்ளை
படித்துக்கொண்டே வந்தேன், இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "ஆள் இருக்கிறது" என்று சிம்சன் சொன்னாராமே, யார் அந்த ஆள்? தோட்டத்துச் சனம். 1941இல் கிள்ளானில் அந்தச் சனம் கூலி கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது, துரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றது. தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளத்தை இறக்கினார்கள், சுட்டார்கள். ஆறே மாதம் கழித்து அதே சனம் வந்து அகழி தோண்ட வேண்டுமா? ராணுவம் வேலைக்கு ஆள் எடுக்கப் பார்த்தபோது லண்டன் நிர்ணயித்த கூலி வெளியில் கிடைப்பதைவிடக் குறைவு. யார் போவான்?

ஜப்பான் சப்பரின் வேகம் பற்றியும் சொன்னீர்கள். அந்த வேகத்தின் மீதி எங்கே போனது? சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு. அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். வரைபடம் போட்டவர்கள், நாள் குறித்தவர்கள் யார்? அவர்களும் எஞ்சினியர் அதிகாரிகள்தான். கைதியான வெள்ளைச் சிப்பாய்கள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள், காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர்கள் பல்லாயிரம் பேர் காலராவில் காட்டிலேயே கிடந்தார்கள், எண்ணிக்கைகூட யாருக்கும் உறுதியாய்த் தெரியாது. என் அம்மாச்சியின் இரண்டு அண்ணன்களும் தோட்டத்து லாரியில் ஏறினார்கள். மூன்று மாத வேலை, சம்பளம், அரிசி என்றார்களாம். ஒருத்தர்தான் திரும்பினார், அவரும் சாகும்வரை ரயிலில் ஏறவில்லை. பிறை அண்ணே, பையனைத் தடுக்கவில்லை. இந்தத் தொழிலின் இந்தப் பக்கத்தையும் அவன் படிக்கட்டும்.

நெறியாளர்
இழை தலைப்பை விட்டு நகர்கிறது என்று இரண்டு புகார் வந்தன. எனக்கு அப்படித் தெரியவில்லை. தொடருங்கள், ஆளைத் திட்டாமல்.

சப்பர்_செத்தாப்பாக்
பிள்ளை, நீங்கள் சொன்னதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. என் மனைவியின் குடும்பத்திலும் சயாம் உண்டு. எங்கள் பயிற்சியில் அந்தப் பாதையை எப்படி அமைத்தார்கள், சாய்வு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் என்றெல்லாம் பேசியது நினைவிருக்கிறது. செத்தவர்கள் பற்றி ஒரு பக்கம் வந்தது. அப்போது நான் எழுந்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கூலி விஷயத்திலும் உங்கள் பக்கம்தான். சிம்சன் சாமானை எண்ணினார், ஆளைச் சரியாக எண்ணவில்லை. சீனத் தொழிலாளர், இந்தியத் தொழிலாளர் எல்லோரும் குண்டு விழுகிற இடத்துக்குக் குறைந்த கூலியில் வருவார்கள் என்று மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது.

டீச்சருக்கு ஒரு பதில் பாக்கி. நள்ளிரவுப் பேச்சுக்கு சிம்சனைத் தவிர சாட்சி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடகரையில் அரண் இல்லாததற்கு சாட்சி ஊரே. 1942 ஜனவரியில் அது தெரியவந்தபோது சர்ச்சிலே அதிர்ந்து போனார். அடித்தட்டு இல்லாத போர்க்கப்பலை யாராவது கடலில் இறக்குவார்களா, அதுபோல இது என் மனதில் தோன்றவேயில்லை என்று பிறகு எழுதினார். கடைசி நாள், பிப்ரவரி 15 காலை, கூட்டத்தில் சிம்சன்தான் சொன்னார், தண்ணீர் இன்னும் ஒரு நாள் தாங்கினால் அதிகம் என்று. அன்றைக்கு மட்டும் அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள்.

கம்பார்_டீச்சர்
கடைசி வரி வலிக்கிறது. என் வாதத்தைப் பாதி வாபஸ் வாங்குகிறேன், பாதி வைத்துக்கொள்கிறேன்.

பாலம்_இரண்டாமாண்டு
வணக்கம். நான்தான் அந்த மகன். அப்பா இந்த இழையைக் காட்டினார், மூன்று தடவை படித்தேன். சப்பர் சாருக்கு ஒரு கேள்வி. சிம்சன் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தளபதி முடியாது என்று சொன்ன பிறகு எஞ்சினியருக்கு என்ன வழி இருக்கிறது?

சப்பர்_செத்தாப்பாக்
தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன். உன் அப்பா கேட்டது மேலே வர முடியுமா என்று. நீ கேட்டதுதான் சரியான கேள்வி.

எஞ்சினியர் படையில் ஒரு ஸ்குவாட்ரன் உன் கையில் இருக்கும்வரை நீ கட்டளையிடுவாய், ஆட்கள் செய்வார்கள். மேலே போகப் போக நீ இன்னொருத்தர் மேசைக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆலோசகன் ஆகிவிடுவாய். பதவி பெரிசாகும், கையில் மண்வெட்டி குறையும். டாபி மாதிரி தளபதி நாற்காலிக்குப் போகிறவன் ஆயிரத்தில் ஒருத்தன். மற்றவன் எல்லாம் சிம்சன்தான், நானும்.

என் கதை சின்னது. கேப்டனாக இருந்தபோது மழைக்காலத்தில் ஒரு ஆற்றுக்குக் குறுக்கே பெய்லி போட்டோம். பாலம் நன்றாக வந்தது. கரை மண்தான் சரியில்லை, குச்சியைக் குத்தினால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. பாலம் உட்காரும் இடத்தில் மரச்சட்டம் பரப்பி அழுத்தத்தைப் பிரிக்க இன்னொரு நாள் வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். மறுநாள் திறப்புக்கு முக்கியமானவர் வருகிறார், நாள் இல்லை என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன். மறுநாள் திறந்தார்கள், பூமாலையைக் கழற்றினார்கள், மத்தியானம் மூன்றாவது லாரி ஏறும்போது ஒரு பக்கம் ஒரு சாண் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. விசாரணையில் கேட்டார்கள், எச்சரித்தீர்களா? எச்சரித்தேன். எங்கே, காட்டுங்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வைத்தேன். சில பேருக்குப் பிடிக்கவில்லை, ஃபைல் மேஜர் என்று பட்டப்பெயர்கூட வந்தது. லெப்டினன்ட் கர்னல் ஆகாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு, மறைக்க மாட்டேன். சிம்சனுக்கு லண்டன் வாயால் சொல்லி அனுப்பியது, எழுத்து வரவேயில்லை என்றேனே. தாள் இருந்திருந்தால் பெர்சிவல் கட்டியிருப்பாரா தெரியாது. மறுப்பதையாவது எழுத்தில் மறுக்க வேண்டியிருந்திருக்கும். எழுத்தில் "மனம் தளரும்" என்று போடக் கை கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கம்தான் ஒரு எஞ்சினியருக்குக் கிடைக்கிற இடைவெளி.

இன்னும் இரண்டு விஷயம். பலாப்பெஸ் முடித்தால் நீ சேமப்படை அதிகாரி ஆவாய், முழுநேர வேலைக்குத் தனியாகத் தேர்வு இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதே. அப்புறம், சேர்ந்தாலும் எஞ்சினியர் வாரியத்தில் பதிவு செய்து "இர்" பட்டம் வாங்கப் பார். பட்டாளத்தில் அதற்கேற்ற டிசைன் அனுபவத்தை நீதான் தேடிப் போக வேண்டும், யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். வெளியே வரும் நாளில் அது சோறு போடும். எனக்கு இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

பாலம்_இரண்டாமாண்டு
நன்றி சார். அம்மா கேட்கச் சொன்னார், கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குக் கட்டாயம் அனுப்புவார்களா?

சப்பர்_செத்தாப்பாக்
பயிற்சி எல்லோருக்கும் உண்டு. அம்மாவிடம் பொய் சொல்லாதே. காஞ்சிபுரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மதராஸ் சப்பர் படையில் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் மற்றவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தார். மால்ட்டாத் தீவுக்குக் கொடுத்த அதே ஜார்ஜ் கிராஸ் அவருக்கும் கிடைத்தது, இறந்த பிறகு. இதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பிறை_அப்பா
சார், அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கண்டார்_கடை
போச்சு.

தோட்டத்துப்பிள்ளை
சப்பர் சார், நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம். எங்கள் தோட்டம் ஜொகூரில், ஸ்கூடாய் பக்கம். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் உருளை கிடக்கும், இடுப்பு உயரம். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்பார்கள், எதற்கு என்று யாருக்கும் தெரியாது. டாங்கித் தடுப்புக்கு சிம்சன் கான்கிரீட் உருளைகள் செய்து வைத்திருந்தார் என்று எங்கோ படித்தேன். அதுவாக இருக்குமா?

சப்பர்_செத்தாப்பாக்
அப்படி உருளைகள் செய்தது உண்மை. ஆனால் கிணற்று உறையும், கால்வாய்க் குழாயும் அதே மாதிரிதான் இருக்கும். உள்ளே முழுக்கக் கெட்டியா, கூடா? நடுவில் ஓட்டை உண்டா? இரும்புக் கம்பி ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா? அளவு கிடைத்தால் நல்லது.

தோட்டத்துப்பிள்ளை
தோட்டத்தை விற்று வீடாக்கிவிட்டார்கள், இப்போது போய் அளக்க முடியாது. சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கெட்டியாம், ஆண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தும் புரட்ட முடியாதாம். நடுவில் ஓட்டை இருந்தது என்கிறார். அம்மாச்சி அதில் ஒரு கம்பை நட்டுத் துணிக்கொடி கட்டியிருந்தாராம்.